கேப்டன் பாயின் மாடி விமானம்

ரயில் நிலையமே இல்லாத பெரம்பலூரில் சொந்தமாக விமானம் வைத்திருந்த ஒரே மனிதர் கேப்டன் பாய்தான். ரயிலைக் கண்ணால் பார்ப்பதற்கே எங்கள் அரியலூருக்கு பஸ் ஏற வேண்டிய ஊர் அது. அந்த ஊரின் துறைமங்கலத்தில், ஒரு மாடி வீட்டின் மேலறையிலிருந்து துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் ஆட்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார் மனிதர். அவரோ அந்த ஆட்களோ வீட்டு வாசலைத் தாண்டியதில்லை என்பது வேறு விஷயம்.

ஆபீஸ் மாற்றல் என்னை அரியலூரிலிருந்து தூக்கிப் பெரம்பலூரில் போட்டது. கொஞ்ச நாள் பஸ்ஸில் போய் வந்தேன். சிமெண்ட் லாரிகளுக்கு நடுவே தினமும் குலுங்கியதில் முதுகு கைவிரித்துவிட்டது. வாடகைக்கு ஒரு போர்ஷன் தேடிக்கொண்டு போய்த்தான் அந்த வீட்டு கேட்டைத் தட்டினேன். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு ஒரு அம்மாள் வந்தார்.

"வீட்டுக்காரர் இருக்காருங்களா?"

"இருக்காருங்க. மேல இருக்காரு."

"கொஞ்சம் கூப்பிடுறீங்களா?"

அம்மாள் மாடிப் பக்கம் காதைச் சாய்த்தார். மேலே எதுவோ விர்ரென்று இரைந்தது. அந்த இரைச்சலை ஒரு டாக்டர் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்பதுபோலக் கேட்டுவிட்டு என்னிடம் சொன்னார்:

"இப்ப முடியாதுங்க. பேங்காக்ல எறங்கிக்கிட்டு இருக்காரு. எறங்குனதும் சொல்றேன். டீ குடிக்கிறீங்களா?"

நான் ஒருமுறை வாசலுக்குப் போய்த் தெருப் பெயரைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். டீ வந்தது. டீ முடிந்தது. படியில் காலடிச் சத்தம் கேட்டது. முதலில் தெரிந்தது ஒரு கட்டம் போட்ட கைலி. அதற்கு மேலே கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, கறுப்பு டை, இரண்டு தோளிலும் தங்க நிறப் பட்டைகள். இடுப்புக்கு மேலே உலகத்தரம், இடுப்புக்குக் கீழே லப்பைக்குடிக்காடு.

"மன்னிக்கணும் சார். குறுக்குக் காத்து ஜாஸ்தி. ஒரு தடவ எறங்காம சுத்தி வர வேண்டியதாப் போச்சு. பாசெஞ்சருக்கெல்லாம் நம்ம மேல கோவம்" என்றார்.

"பரவால்லீங்க" என்றேன். வேறு என்ன சொல்வது?

கீழே பின்பக்கப் போர்ஷன் எனக்குக் கிடைத்தது. குழப்பமும் கூடவே கிடைத்தது.

கேப்டன் பாய்க்குச் சொந்த ஊர் லப்பைக்குடிக்காடு. சார்ஜாவில் ஒரு ஜவுளிக்கடையில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் திரைச்சீலைக் கடை வைத்திருந்தார். கடையை இரண்டு ஆட்கள் பார்த்துக்கொண்டார்கள். பாய் மாடியறையைப் பார்த்துக்கொண்டார். அங்கே மூன்று பெரிய திரைகள், ஏதோ ஒரு வேனிலிருந்து கழற்றிக்கொண்டு வந்த சீட், கைக்கு எட்டும் இடத்திலெல்லாம் சுவிட்சுகள். கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் சமாசாரம். அதை 'கேம்' என்று ஒரே ஒரு தடவை சொன்னேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

"சார், கூடவே குடுக்கிற ப்ளேன்லாம் பொம்ம. அத சின்னப் புள்ளைங்க ஓட்டட்டும். இது ஆட்-ஆன். தனியா இதுக்குன்னே ஒக்காந்து செய்றானுங்க. நெசமான ப்ளேன்ல என்ன இருக்கோ அத்தனையும் இதுல இருக்கும். இந்த சுவிட்ச அமுக்குனா இது எரியும். இத அமுக்காம விட்டா அது எரியாது. சில நேரம் அமுக்குனாலும் எரியாது."

"ஏன் எரியாது?"

"அதுதான் சார் ரியலிசம்."

ரியலிசம் என்ற அந்த வார்த்தையை அவர் உச்சரிக்கும்போது குரலில் ஒரு பக்தி வரும்.

விமானம் கிளம்புவதைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. ஒரு சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மாடிக்குப் போனேன். விமானம் திருச்சியில் இருட்டாக நின்றிருந்தது. பாய் முதலில் பேட்டரியைப் போட்டார். பிறகு தரையிலிருந்து கரண்ட் கொடுத்தார். பிறகு விமானம் தான் எங்கே நிற்கிறோம் என்பதை யோசிக்க ஆரம்பித்தது.

"எங்க நிக்கிதுன்னு அதுக்குத் தெரியாதா?"

"தெரியாது சார். நாமதான் சொல்லணும். சொன்னப்புறம் அது பூமி சுத்துறத வச்சு சரியான்னு பாத்துக்கும். நெசத்துல எவ்ளோ நேரம் எடுக்குமோ அவ்ளோ நேரம் இதுவும் எடுக்கும்."

எனக்குத் தெரிந்து பெரம்பலூரில் யாரும் பூமி சுற்றுவதற்காகக் காத்திருந்ததில்லை. நாங்கள் காத்திருந்தோம். டீ வந்தது. பெட்ரோல் நிரப்பும் வண்டி வந்தது. சாப்பாட்டு வண்டி வந்தது. ஏற வேண்டிய பயணிகளில் யாரோ ஒருவர் வரவில்லை என்று அவருடைய பெட்டியைத் தேடி இறக்கினார்கள். சாயங்காலத் தொழுகைக்கு நேரமாயிற்று. பாய் எழுந்து, "சார், கொஞ்சம் பாத்துக்குங்க, எதையும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் திரும்பி வருவதற்குள் அந்த விமானத்துக்குக் கிளம்ப அனுமதித்த நேரம் தாண்டிவிட்டிருந்தது.

"இன்னைக்கு கேன்சல் சார்" என்றார், முகம் நிறையத் திருப்தியோடு. "பாருங்க, எவ்ளோ ரியலா இருக்கு!"

நாலைந்து முறை இப்படிப் போய் உட்கார்ந்திருப்பேன். ஒரு தடவை கதவு சரியாக மூடவில்லை. ஒரு தடவை மூடுபனி. ஒரு தடவை எல்லாம் சரியாக இருந்து, விமானம் ஓடுபாதை வரைக்கும் ஊர்ந்து போய்விட்டது. நான் சீட்டின் நுனிக்கு வந்தேன். கரண்ட் போய்விட்டது. மூன்று திரைகளும் கறுப்பு. கீழே கிரைண்டர் நின்ற சத்தம் கேட்டது. பாய் இருட்டில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். கீழிருந்து அவர் மனைவி மைமூன் அக்கா குரல் வந்தது:

"என்னங்க, மேல இருந்தீங்களா, தரையில இருந்தீங்களா?"

"தரையிலதான்."

"அல்ஹம்துலில்லாஹ். அப்ப எல்லாரும் தப்பிச்சாங்க."

அக்கா கேலி பண்ணுகிறாரா, நிஜமாகவே கவலைப்படுகிறாரா என்று எனக்குக் கடைசி வரை பிடிபடவில்லை.

ஒருநாள் புது விமானம் ஒன்றை இறக்கினார். இறக்கினார் என்றால் இன்டர்நெட்டிலிருந்து. தெரு முழுக்க யாருக்கும் நெட் கிடைக்காத அளவுக்குப் பெரிய விமானம். என்னைக் கூப்பிட்டு, காக்பிட்டை விட்டுவிட்டு நேரே பின்பக்கம் அழைத்துப் போனார். திரையில் வரிசை வரிசையாக நீல நிற சீட்டுகள் நகர்ந்தன.

"இதுல டாய்லெட் கதவு தொறக்கும் சார்."

"நீங்கதான் முன்னால ஓட்டிக்கிட்டு இருப்பீங்களே. டாய்லெட் கதவு எதுக்குங்க?"

பாய் என்னை வெகுநேரம் பார்த்தார்.

"பாசெஞ்சர் என்ன சார் பண்ணுவான்?"

அவரிடம் எனக்குப் பதில் தெரிந்த கேள்வி ஒன்றுகூட வந்ததில்லை. அந்தப் புது விமானத்தில் கண்ணாடியில் மழைத் துளி விழுந்தால் வேகத்துக்கு ஏற்ப மேல் நோக்கி ஓடும். மடக்கு மேஜை மடங்கும். ஆனால் கண்ணாடி துடைக்கும் கம்பியின் சத்தம் மட்டும் சரியில்லை என்றார். நிஜத்தில் அது 'கிரீச் - டக்' என்று வருமாம். இதில் 'டக் - கிரீச்' என்று வருகிறதாம். இதைச் செய்தவர்களுக்கு எழுதிப் போட்டார். உலகத்தில் இன்னும் சில பேர் இதே புகாரை எழுதியிருந்தார்கள் என்பதுதான் என்னைக் கலக்கிய விஷயம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த விமானம் தேய்ந்தது. இன்று பிரேக்கை அழுத்திப் பிடித்தால் நாளைக்கு பிரேக் மோசமாக இருக்கும். இன்று எண்ணெய் குறைந்தால் நாளையும் குறைவாகவே இருக்கும். ஒருநாள் இடது பக்க ஜெனரேட்டர் போய்விட்டது. பாய் விமானத்தை சிங்கப்பூரில் நிறுத்திவிட்டு, உதிரி பாகம் வந்து சேர வேண்டுமே என்று ஒரு வாரம் காத்திருந்தார். கடைக்குப் போகவில்லை. தாடி வளர்ந்தது. தெருவில் யார் நலம் விசாரித்தாலும், "மாட்டிக்கிட்டேங்க, சிங்கப்பூர்ல" என்றார். விசாரித்தவர்கள் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனார்கள்.

நான் மெதுவாகக் கேட்டேன். "கம்ப்யூட்டர ஆஃப் பண்ணிப் போட்டா சரியாயிடாதுங்களா?"

"உங்க அரியலூர் ரயில் நடுவழில நின்னா ஆஃப் பண்ணிப் போடுவாங்களா சார்?"

அந்த விமானம் சிங்கப்பூரிலிருந்து கிளம்பிய பிறகுதான் எறையூர்க்காரர் விவகாரம் நடந்தது. பாயின் பழைய சிநேகிதர் ஒருவர் எறையூரில் கரும்பு போட்டிருந்தார். வருஷத்துக்கு ஒருமுறை பேசிக்கொள்வார்கள். ஒருநாள் காலை அவர் போன் போட, மைமூன் அக்கா எடுத்தார். அக்காவுக்குக் கை வேலை அவசரம். அங்கே கேட்டது என்ன, இங்கே சொன்னது என்ன என்பதைப் பிறகு இரண்டு தரப்பிலும் விசாரித்து எழுதுகிறேன்.

"பாய் இருக்காருங்களா?"

"இல்லீங்க, மேல போயிட்டாரு."

"எப்பங்க?"

"வெள்ளன காலையிலயே போயிட்டாரு."

"நல்லாத்தானே இருந்தாரு! என்னாச்சு?"

"என்ன ஆவறது? எப்பப் பாத்தாலும் அதே நெனப்பு. இனிமே அவரா எறங்கி வந்தாத்தான் உண்டு. நாம கூப்பிட்டா வருவாரா?"

பதினொரு மணிக்கு ஒரு வேன் வந்து நின்றது. எறையூர்க்காரர் கையில் ஆளுயர ரோஜா மாலை. கூடவே அவர் பங்காளிகள், பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள். நான் ஆபீசுக்குத் தாமதமாகக் கிளம்பிக்கொண்டிருந்தவன், மாலையைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டேன். எனக்குத் தெரியாமல் வீட்டில் ஏதோ நடந்துவிட்டது என்று நினைத்தேன். மைமூன் அக்கா சமையலறையிலிருந்து வந்து கூட்டத்தைப் பார்த்ததும், தனக்குத் தெரியாமல் ஏதோ நடந்துவிட்டது என்று அவரும் நினைத்தார்.

"யாருக்குங்க? யாருக்கு?" என்று அக்கா பதற, எறையூர்க்காரர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழ, வந்தவர்கள் வாசலில் செருப்பை விடலாமா கூடாதா என்று ஒருவரை ஒருவர் பார்க்க, இந்தச் சத்தத்தில் மாடிக் கதவு திறந்தது. தோளில் தங்கப் பட்டையோடு கேப்டன் பாய் படி இறங்கி வந்தார்.

வேன் டிரைவர்தான் முதலில் ஓடினார். எறையூர்க்காரர் ஓடவில்லை. படிக்கட்டையும் பாயையும் மாலையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"யோவ், நீ சாவலியா?"

"இல்லியே. மஸ்கட்டுக்கு மேல போயிக்கிட்டு இருந்தேன். ஆட்டோ பைலட்ல போட்டுட்டு வந்திருக்கேன். வெரசா சொல்லு, என்ன விஷயம்?"

வந்தவர்கள் எல்லோருக்கும் மைமூன் அக்கா டீ போட்டார். அவ்வளவு பெரிய மாலையைத் திருப்பி எடுத்துப் போகவும் முடியாது, பாய்க்குப் போடவும் மனசு வராது. கடைசியில் பாயே அதை வாங்கிக்கொண்டு போய் மூன்று திரைகளுக்கும் சேர்த்துப் போட்டுவிட்டார். "புது ப்ளேன் வந்து இன்னும் யாரும் மருவாத பண்ணல" என்றார்.

சிரிப்பாகவே போய்க்கொண்டிருந்த வீட்டில் ஒருநாள் சத்தம் நின்றது. சார்ஜாவில் இருந்த மகள் உண்டாகியிருந்தாள். தலைப்பிரசவம். இங்கே வர டாக்டர் வேண்டாம் என்றுவிட்டார். "உம்மா, நீ வந்தாத்தான்" என்று தினமும் போனில் அழுதாள். பாய் டிக்கெட் விசாரிக்க ஆரம்பித்தார். அக்கா, "நான் வரல" என்றார்.

கெஞ்சிப் பார்த்தார்கள். மகள் அழுதாள். மருமகன் பேசினான். அக்கா பாஸ்போர்ட்டை எடுத்து அரிசி டிரம்முக்கு அடியில் வைத்துவிட்டு, கேட்டவர்களிடமெல்லாம், "எனக்கு முட்டி வலி" என்றார். பாய்க்கு ஒன்றும் புரியவில்லை. என்னிடம் வந்து, "சார், நீங்க கேட்டுப் பாருங்க. நீங்கன்னா சொல்லும்" என்றார்.

நான் போய்க் கேட்டேன். பாய் வாசற்படிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். அக்கா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கையிலிருந்த இணுக்கை உருவி முடித்தார். அப்புறம் சொன்னார்:

"தம்பி, நீங்க ஆபீஸ் போயிடுறீங்க. நான் நாள் பூரா இந்த வூட்ல கேட்டுக்கிட்டு இருக்கேன். ஒரு நாள் என்ஜின் பத்திக்கிது. ஒரு நாள் சக்கரம் வர மாட்டேங்குது. மணி அடிக்கிது, எவனோ 'புல்லப்பு புல்லப்பு'ன்னு உயிர் போறாப்ல கத்துறான். இந்த மனுசன் வேர்த்து விறுவிறுத்து எறங்கி வந்து சோத்துல கை வைக்கிறாரு. எங்கிட்ட கேட்டா 'எல்லாம் நெசத்துல நடக்குறதுதான், அப்புடியே பண்ணியிருக்கான்'ங்கிறாரு. நெசத்துல இப்புடித்தான் நடக்கும்னா, நான் எப்புடித் தம்பி ஏறுவேன்?"

வாசலில் நின்ற பாயின் முகத்தைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

"மைமூன், அது நானா வேணும்னு போட்டுக்கிறது. கோளாறு வரட்டும்னு நானே ஆன் பண்ணி வச்சிருக்கேன். நெசத்துல ஒன்னும் ஆகாது."

"அப்ப ரியலு ரியலுன்னு சொன்னது?"

பாய் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார்.

அக்கா கீரைக் காம்பை ஒடித்துக்கொண்டே, எங்கள் இருவரையும் பார்க்காமல் சொன்னார்: "இருவது வருசமா நீங்க ப்ளேன்ல போனீங்க, வந்தீங்க. நான் வூட்ல இருந்தேன். இப்ப வூட்டுக்கே ப்ளேன் வந்திருச்சு. இப்பவும் நான் கீழதான் இருக்கேன்."

அன்று பூரா மாடியில் சத்தமே இல்லை. மறுநாள் காலை பாய் என் கதவைத் தட்டினார். தோளில் பட்டை இல்லை.

"சார், ஞாயித்துக்கெழம ஃப்ரீயா? திருச்சி டு சார்ஜா. உங்க அக்கா வருது. கேபின்ல ஆள் வேணும்."

ஞாயிற்றுக்கிழமை காலை மாடியறையில் வேன் சீட்டுக்குப் பக்கத்தில் ஹாலிலிருந்து ஒரு குஷன் நாற்காலி வந்திருந்தது. அக்கா நல்ல சேலை கட்டி, கைப்பையோடு வந்து உட்கார்ந்தார். கைப்பை எதற்கு என்று நான் கேட்கவில்லை. எனக்குக் கேட்பது நின்று வெகுநாள் ஆகிவிட்டது. நான் கையில் ஒரு தட்டோடு நின்றேன். தட்டில் மிக்சரும் பிளாஸ்க்கில் டீயும்.

பாய் ஒரு பக்கத்தைத் திறந்தார். கோளாறுகளின் பட்டியல் அது. என்ஜின், ஜெனரேட்டர், சக்கரம், கதவு, மின்னல், பறவை அடிப்பது. ஒவ்வொன்றாக அணைத்தார். தேய்மானத்தை அணைத்தார். ஒவ்வொன்றை அணைக்கும்போதும் அவர் முகம் ஊசி போட்டுக்கொள்பவர் முகம்போல ஆயிற்று. கடைசியாக வானிலை. உண்மையான வானிலையை எடுத்துவிட்டு, மேகமே இல்லாத ஒரு காலையைப் போட்டார்.

"இவ்ளோதான் மைமூன். இப்ப இதுல ஒன்னுமே ஆகாது. ஆகணும்னு நெனச்சாலும் ஆகாது."

பூமி சுற்றக் காத்திருக்கவில்லை. பெட்ரோல் வண்டி வரவில்லை. ஒரு பொத்தானைத் தட்டினார், எல்லா விளக்கும் ஒன்றாக எரிந்தன. ஓடுபாதை ஓடியது, மரங்கள் சாய்ந்தன, விமானம் எழும்பியது. நான் முதல்முறையாகப் பார்த்தேன். கையில் தட்டு இருந்ததால் கைதட்ட முடியவில்லை.

சார்ஜாவுக்கு மேற்கே போக வேண்டும். பாய் வடக்கே திருப்பினார். எனக்கே தெரிந்துவிட்டது.

"வழி இது இல்லீங்களே?"

"தெரியும் சார், சும்மா இருங்க" என்றார்.

கொஞ்ச நேரத்தில் லப்பைக்குடிக்காட்டு ஓரத்து வெள்ளாறு ஒரு வெளிறிய கோடாக வந்தது. பெரிய விமானத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து வட்டமடித்தார். எந்த விமானியும் செய்யக்கூடாத வேலை அது என்று பிறகு அவரே சொன்னார்.

"அங்க பாரு மைமூன். நம்ம ஊரு."

அக்கா எழுந்து திரைக்கு அருகில் போய் எட்டிப் பார்த்தார். ஆற்றங்கரையில் சிவப்பு ஓடு போட்ட, ஒரே மாதிரியான வெளிநாட்டு வீடுகள் வரிசையாக நின்றன. ஆள் நடமாட்டமே இல்லை.

"நம்ம பள்ளிவாசல் எங்கங்க?"

"அது இன்னும் டவுன்லோடு ஆவல."

"எங்க அம்மா வூடு?"

"அது அந்த வளைவுக்குப் பக்கத்துல... இருக்கும். இருக்கணும்."

அக்கா அந்த வளைவையே பார்த்துக்கொண்டிருந்தார். "இவ்ளோ சின்னதா ஊரு?" என்றார். பிறகு, "நீங்க ஒவ்வொரு தடவையும் போறப்ப இப்புடித்தான் பாத்துக்கிட்டே போவீங்களா?" என்று கேட்டார்.

"தெரியாது. ஜன்னல் சீட்டு கெடைச்சதே இல்ல" என்றார் பாய்.

அதற்குப் பிறகு நாலு மணி நேரம் கடல். நிஜமாகவே நாலு மணி நேரம்; அதை மட்டும் குறைக்க பாய் ஒத்துக்கொள்ளவில்லை. நான் டீ கொடுத்தேன், மிக்சர் கொடுத்தேன். அக்கா பாதி வழியில் தூங்கிவிட்டார். பாய் கீழே போய்ப் போர்வை எடுத்து வந்து போர்த்தினார். அந்த நேரம் விமானத்தை நான் பார்த்துக்கொண்டேன். அதாவது எதையும் தொடாமல் நின்றேன்.

இறங்கும் சமயத்தில் அக்கா விழித்தார். தரை நெருங்கியதும் அந்த விமானத்தின் குரல், "ரிடார்ட், ரிடார்ட்" என்றது. அக்கா உடனே பாயின் தோளைத் தட்டினார்.

"இதத்தாங்க கேக்கணும்னு இருந்தேன். ஒவ்வொரு தடவையும் இந்த ஆளு உங்கள ரிட்டயர்டு ரிட்டயர்டுங்கிறான். நீங்க ஏன் ஒன்னும் சொல்லாம இருக்கீங்க?"

பாய் சிரித்த சிரிப்பில் விமானம் குதித்துத்தான் இறங்கியது. விசையைக் குறைக்கச் சொல்லும் குரல் அது என்று அவர் விளக்கியதை அக்கா நம்பவில்லை. ஆனால் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "இவ்ளோதானா? இதுக்கா இத்தன வருசம் இந்த ஆட்டம் போட்டீங்க?" என்று கேட்டுவிட்டுப் படி இறங்கிப் போனார். கீழே அரிசி டிரம் நகரும் சத்தம் கேட்டது.

அடுத்த மாதம் இருவரும் போனார்கள். போய்ச் சேர்ந்ததும் பாய்தான் போன் செய்தார். குரல் சரியில்லை.

"சார், நெறைய கம்ப்ளெய்ன்ட் இருக்கு. எறங்கறப்ப 'ரிடார்ட்' சத்தமே கேக்கல."

"அது காக்பிட்ல இருக்கிறவங்களுக்குத்தானே கேக்கும்?"

"ஆமால்ல" என்றார்.

போனை அக்கா பிடுங்கிக்கொண்டார். "தம்பி, இவரு பண்ணதக் கேளுங்க. ப்ளேன் மேல ஏறுனப்ப என் கையப் புடிச்சவரு, சார்ஜா வர வரைக்கும் விடல. ஒவ்வொரு சத்தத்துக்கும் கண்ண மூடிக்கிறாரு. கேட்டா, 'அப்பல்லாம் ஒன்னும் தெரியாது, தூங்கிட்டே போயிருவேன். இப்ப ஒவ்வொரு சத்தமும் என்னன்னு தெரியுதே'ங்கிறாரு. நாந்தான் தைரியம் சொன்னேன். 'பயப்படாதீங்க, எல்லாத்தயும் ஆஃப் பண்ணித்தான் வச்சிருப்பாங்க'ன்னேன்."

பயந்த பாய் சரியா, தைரியம் சொன்ன அக்கா சரியா என்று எனக்கு இன்றைக்கும் தெளிவில்லை.

பேத்தி பிறந்தாள். அவர்கள் திரும்பி வரச் சில மாதங்கள் ஆயின. இறங்குகிற நாளன்று நான் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு பஸ் ஏறித் திருச்சி விமான நிலையத்துக்குப் போனேன். யாரும் வரச் சொல்லவில்லை. பெட்டி தூக்க எனக்கு முதுகும் இல்லை. கூட்டத்தில் நின்றேன். டிராலியைத் தள்ளிக்கொண்டு கைலியில் வந்தார் பாய். பின்னால் அக்கா, விமானத்திலேயே பிறந்து வளர்ந்தவர்போல நிதானமாக வந்தார்.

"சார்! நீங்க எதுக்கு இவ்ளோ தூரம்?" என்று கேட்டார் பாய்.

"சும்மாதான்" என்றேன்.

பெரம்பலூர் பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நெருக்கி உட்கார்ந்தோம். பேத்தியின் மூக்கு யார் சாயல் என்று அவர்களுக்குள் சண்டை. நடுவில், திரும்பி வந்த விமானத்தில் கண்ணாடி துடைக்கும் கம்பியைப் பார்க்கவிடவில்லை என்று என்னிடம் ஒரு புகார். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டு வந்தேன். டிரைவர் நல்ல வேகத்தில் ஓட்டினார். அவர்கள் பேச்சு முடிவதற்குள் ஊர் வந்துவிடாமல், கொஞ்சம் மெதுவாகப் போனால் தேவலை என்றிருந்தது எனக்கு.